உள் போட்டனியோ?

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் ஓடுகிற தமிழ்ப் பெண் ஒருத்திதான். பெயர் யோகம்மா. வயது அறுபதைத் தொட இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வேலை முடிந்த பின்னேரங்களில் தலையில் ஒரு கம்பளித் தொப்பியும், கறுப்பு நீளக் காற்சட்டையும், அதற்கு மேலே முழங்கை தைத்த பழைய சாம்பல் நிறச் சட்டையுமாக ஆற்றங்கரைப் பாதையில் ஓடிக்கொண்டிருப்பாள். ஓட்டம் என்றதும் மானை நினைக்க வேண்டாம். பஸ்ஸைத் தவறவிடப் போகிற மனுசி ஓடுகிற ஓட்டம்தான். ஆனால் அந்த ஓட்டத்தை ஊரின் ஒரு தலைப்பில் தொடங்கி மறுதலைப்பு மட்டும் நிற்காமல் ஓடுவாள்.

ஊர் சும்மா இருக்குமா? உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது. ஒரு காலத்தில் இங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்தன. பாதிப் பேர் லண்டனுக்குப் போனார்கள். மிஞ்சியதில் பாதிப் பேர் பிள்ளைகளுக்குப் பின்னால் கொப்பன்ஹேகன் பக்கம் போனார்கள். ஆட்கள் குறைந்த அளவுக்கு வாய்கள் குறையவில்லை. "யோகம்மாவை ஆரும் பின்னால கலைக்கினமோ?" என்று கோயில் திருவிழாவில் ஒருத்தி கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யோகம்மாவும் சேர்ந்து சிரித்தாள். இன்னொருத்தி சிரிக்காமல், "மனுசனை ஹோமில கொண்டுபோய் விட்டிட்டு, இவ மெலியிறதுக்கு ஓடுறா" என்றாள். அடுத்த திருவிழாவுக்கு யோகம்மா போகவில்லை.

நல்ல மனம் படைத்தவர்கள் இதைவிட உபத்திரவம். கனகசபை என்று ஓய்வு பெற்ற பஸ் சாரதி ஒருவர் இருக்கிறார். அவளைக் கண்டால் காரை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கிவிடுவார்.

"ஏறு தங்கச்சி, மழை வரப்போகுது."

"இல்லை அண்ணை, நான் ஓடித்தான் போறன்."

"நனைஞ்சு போவாய்."

"நனைஞ்சால் காயும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போவார். மனுசிக்கு ஏதோ கழன்றுவிட்டது என்று அவர் நினைப்பது கண்ணாடி ஏறும்போதே தெரியும்.

உண்மையில் யோகம்மா ஓடுவது புருசனிடம்.

குலேந்திரன் இரண்டு வருடமாக ஊரின் மறுகரையில், ஏரிக்குப் பக்கத்திலுள்ள பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். மறதி நோய். முதலில் கார்த் திறப்பை மறந்தார், பிறகு காரை மறந்தார், பிறகு அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுப்பையே மறந்தார். யோகம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு மாசி மாதத்து நாளில் சாரத்தோடும் வெறுங்காலோடும் தெருவில் இறங்கி நடந்துவிட்டார். பொலிஸ் கொண்டுவந்து விட்டது. அதற்குப் பிறகு வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. வைத்திருக்க முடியாது என்று கையெழுத்து வைத்த அன்று அவள் சமைக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை.

இல்லத்தில் அவருக்குப் பகல் முழுக்கப் பிரச்சினை இல்லை. வெளிச்சம் மங்கும்போதுதான் தொடங்கும். யன்னலடியில் போய் நின்று, "வீட்டை போகோணும்" என்று கதவைத் தட்டுவார். குளிர்காலத்தில் இந்த நாட்டில் வெளிச்சம் மத்தியானச் சாப்பாடு செமிக்க முன்னரே மங்கிவிடும். அந்த நேரத்துக்கு யாராவது பக்கத்தில் இருந்து தமிழில் கதைத்தால் கொஞ்சம் அடங்குவார். யாராவது என்றால், யோகம்மாவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

அவள் வேலை செய்வது ஒரு பாலர் பள்ளியில். வேலை முடிவதற்கும் வெளிச்சம் மங்குவதற்கும் இடையில் கொஞ்ச நேரம்தான். கார் ஓட அவள் பழகவே இல்லை. ஓட அவர் இருந்தார். சைக்கிள் வகுப்புக்கு ஒருமுறை போய், முதல் கிழமையே மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தாள். சைக்கிளுக்கும் எனக்கும் பொருத்தம் பார்க்காமல் செய்துவைத்த கலியாணம் என்று சொல்லிச் சிரிப்பாள். பஸ் ஒன்று இருந்தது, நேர அட்டவணையை மாற்றியபோது அது இல்லாமல் போயிற்று. நடந்தாள். நடந்து போய்ச் சேர்ந்தபோது அவர் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்தாள். அதற்கு அடுத்த கிழமை முழுக்க ஓடினாள். அவள் ஓடத் தொடங்கிய கதை இவ்வளவுதான்.

இனி உள்ளின் கதை.

யோகம்மா கலியாணம் கட்டி டென்மார்க்குக்கு வந்து இறங்கியது ஒரு தை மாதத்தில். குலேந்திரன் அப்போது கடற்கரைப் பக்கத்து மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். இரண்டு சிநேகிதர்களோடு ஒரு வீட்டில் இருந்தார். வந்த மூன்றாம் நாள் காலை, சிநேகிதர்கள் இருவரும் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, வேலைக்குப் போகப் புறப்பட்ட மனுசன் வாசலில் நின்று உரத்துக் கேட்டார்.

"யோகம், நீ உள் போட்டனியோ?"

புதுப்பெண்டாட்டியைப் பார்த்து, இரண்டு ஆம்பிளைகளுக்கு முன்னால், உள்ளுடுப்புப் போட்டாயா என்று ஒரு மனுசன் கேட்பானா? யோகம்மாவுக்குக் காது மடல் சிவந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவள், இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. பட்டுவேட்டி கட்டிய படத்தை அனுப்பி, ஒரு நாகரிகம் தெரியாதவனை என் தலையில் கட்டிவிட்டார்களே என்று அழுதாள்.

மூன்றாம் நாள் அவர் லாச்சியைத் திறந்து, சாம்பல் நிறத்தில் நீளக் கை வைத்த மெல்லிய சட்டை ஒன்றை எடுத்து அவள் மடியில் போட்டார்.

"இதுதான் உள். செம்மறியாட்டு மயிர். டெனிஷ்காரன் எழுதேக்கை கடைசியில ஒரு 'ட்' போடுவான், சொல்லேக்கை அதை விழுங்கிப்போடுவான்."

"அதுக்குக் கம்பளி எண்டு சொல்ல வாயில முள்ளோ?"

"கம்பளி எண்டால் போர்வை. இது உள்ளுக்குப் போடுறது. உள்ளுக்குப் போடுறது உள் தானே?"

அந்த நியாயத்துக்கு முன்னால் அவளால் கோபமாக இருக்க முடியவில்லை. டெனிஷ்காரர் சொல்கிற உல்லும் தமிழர் சொல்கிற உள்ளும் அன்றோடு அந்த வீட்டில் ஒரே சொல்லாகிவிட்டன. முப்பது வருடமாக, ஐப்பசி பிறந்து சித்திரை முடியும் வரைக்கும், அவள் வாசலில் சப்பாத்துப் போடும் போதெல்லாம் அந்தக் கேள்வி வரும். போட்டிருந்தாலும் கேட்பார், போடாவிட்டாலும் கேட்பார். அவள் சிலவேளை "ஓம்" என்று பொய் சொல்லிவிட்டுப் போய், பின்னேரம் தும்மலும் தடிமனுமாகத் திரும்புவாள். "எனக்குத் தெரியும், நீ போட்டிருக்க மாட்டாய்" என்று மிளகு ரசம் வைத்துத் தருவார்.

அவருக்கு உள் மீது ஒரு பக்தியே இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. வந்த புதிதில் பருத்திச் சட்டையோடு மீன் தொழிற்சாலையில் நின்று, வியர்வையும் ஐஸ் தண்ணியும் ஊறி, முதுகு விறைத்துக் காய்ச்சலில் விழுந்தவர் அவர். பக்கத்தில் நின்ற டெனிஷ்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் ரப்பர் அங்கிக்குள்ளே உள் போட்டிருந்தார்கள். இன்னொரு காரணத்தை அவர் யோகம்மாவுக்கு மட்டும் சொன்னார். அந்த முதல் குளிர்காலத்தில் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். மீன் வாடை. உள் போடத் தொடங்கிய பிறகு அந்த வாடை உடம்போடு ஒட்டுவது குறைந்ததாம். அது மெய்யோ பொய்யோ, அதற்குப் பிறகு யாரும் எழும்பிப் போகவில்லை என்று சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தணிந்திருந்தது.

அந்தச் சொல்லை இப்போது யோகம்மா பாலர் பள்ளியில் நாள் முழுக்கச் சொல்கிறாள். மழை என்றாலும் பனி என்றாலும் அந்தப் பிள்ளைகள் வெளியில்தான் விளையாட வேண்டும். மோசமான வானிலை என்று ஒன்றில்லை, மோசமான உடுப்புத்தான் உண்டு என்று டெனிஷ்காரர் சொல்வார்கள். கார்த்திகை மாதத்தில் ஒரு பின்னேரம் ஹொல்ஸ்டெப்ரோ பஸ் நிலையத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஒவ்வொரு குட்டியையும் பிடித்து, சட்டைக் கழுத்துக்குள் விரலை விட்டு, "உள் இருக்கா?" என்று பார்த்துத்தான் வெளியில் விடுவாள். அத்தனை பிள்ளைகளைக் கேட்கிற அவளை, வீட்டு வாசலில் சப்பாத்துப் போடும்போது கேட்க ஒருவரும் இல்லை. தனிமை என்பதற்கு யோகம்மாவிடம் பெரிய விளக்கம் கிடையாது. நீ குளிருக்குப் போட்டாயா என்று கேட்க ஆளில்லாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்குவதுதான் அது. சிலவேளை திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் சும்மா நிற்பாள். பிறகு போவாள்.

இவ்வளவு உள் தெரிந்த மனுசி, ஓடத் தொடங்கியபோது மட்டும் அதை மறந்துவிட்டாள். ஓடினால் சூடாகுமே, பிறகு எதற்கு உள் என்று நினைத்தாள். முதலில் ஒரு பருத்திச் சட்டையோடு ஓடினாள். ஓடும்வரை நல்லாகத்தான் இருந்தது. போய் அவர் பக்கத்தில் கதிரையில் இருந்ததும் நனைந்த சட்டை முதுகில் ஈரத்துண்டு போட்ட மாதிரிக் குளிர்ந்தது. பற்கள் அடித்துக்கொண்டன. இரண்டு கிழமை இருமினாள். இருமலோடு இல்லத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் அந்த இரண்டு கிழமையும் அவரைப் பார்க்க முடியவில்லை.

கொப்பன்ஹேகன் பக்கம் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிற மகள் சயந்தினி கேள்விப்பட்டு, ஓட்டக்காரர் போடுகிற பளபளவென்ற ஊதாச் சட்டை ஒன்றைத் தபாலில் அனுப்பினாள். பொலியெஸ்டர். நனைந்தாலும் சட்டென்று காயும். ஆனால் ஒரு குறை. ஓடி முடித்த கையோடு ஒருவர் பக்கத்தில் போய் இருக்க முடியாது. யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள். அந்தச் சட்டையோடு ஆள் வரும் பின்னே, வாடை வரும் முன்னே. எத்தனை தரம் தோய்த்தாலும், உடம்பு சூடேறியதும் பழைய வாடை எழும்பி வந்தது.

அன்று அவள் பக்கத்தில் இருந்ததும் குலேந்திரன் மூக்கைச் சுருக்கினார். பிறகு முகம் மாறியது. பயந்தவர் போல எழும்பினார்.

"நாறுது! எழும்பு! பஸ்ஸில இருக்கிற ஆக்கள் எல்லாம் எழும்பிப் போகப்போகினம்!"

அவர் எந்தப் பஸ்ஸில் இருந்தார் என்று அவளுக்கு மட்டுமே தெரிந்தது. நாற்பது வருடத்துக்கு முந்திய பஸ். அவள் எழும்பி, அறைக்கு வெளியே போய் நின்றாள். அன்று முழுக்க அவர் அவளைக் கிட்ட விடவில்லை.

அன்றிரவு அலுமாரியைத் திறந்து, அவருடைய பழைய உள் ஒன்றை எடுத்தாள். முழங்கையில் அவளே தைத்த சாம்பல் நிறச் சட்டை. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு ஓடினாள். தொடக்கத்தில் கழுத்தடியில் கொஞ்சம் கடித்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அதை மறந்துவிட்டாள். உடம்பு சூடானபோது சட்டை அவளை அவிக்கவில்லை, காற்று முகத்தில் அடித்தபோது விறைக்கவும் விடவில்லை. ஏரிக்கரையில் தூறல் பிடித்துக்கொண்டது. நனைந்தாள்தான். நனைந்த சட்டைக்குள்ளே உடம்பு இளஞ்சூடாக இருந்தது. முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்று பழமொழி சொன்னவர் உள் போட்டு ஓடியிருக்க மாட்டார். அதோடு அறைக்குள் போய் அவர் பக்கத்தில் இருந்தாள். அவர் மூக்கைச் சுருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, புடைவைக் கடையில் துணி பார்ப்பவர் போல அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து, இரண்டு விரலுக்கு இடையில் வைத்துத் தேய்த்தார்.

"நல்ல சாமான்" என்றார்.

அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வரும்போது ஓடாமல், பாதி வழி அழுதுகொண்டே நடந்தாள்.

ஆனால் வியர்த்த உடுப்பைத் தோய்க்காமல் மறுநாள் போடுவது என்பது அவள் வளர்ந்த வளர்ப்புக்கு ஒத்துவரவில்லை. மாறிமாறிப் போட அவருடைய இன்னொரு உள்ளையும் எடுத்து, சுடுதண்ணியில் தோய்த்தாள். அது சுருங்கி, பாலர் பள்ளிப் பிள்ளைக்கு அளவாகிப்போனது. இல்லத்தில் வேலை செய்யும் கியஸ்டன் என்ற பெண்தான் சொன்னாள், தோய்க்காதே, பல்கனியில் கொழுவி விடு, ஈரக்காற்று வாடையைக் கொண்டுபோய்விடும் என்று. நம்பாமல்தான் கொழுவினாள். காலையில் முகர்ந்து பார்த்தால் ஒரு வாடையும் இல்லை. அவளுடையதும் இல்லை, முப்பது வருடம் போட்ட அவருடையதும் இல்லை. அந்த இரண்டாவதற்கு அவள் கொஞ்சம் கவலைப்பட்டாள்.

உள் அவளை அவர் பக்கத்தில் இருத்தியது. அதற்கு மேல் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

குலேந்திரனுக்குக் கடைசியாக வந்தது முதலில் போனது. டெனிஷ் போயிற்று. கியஸ்டன் என்ன கேட்டாலும் தமிழில்தான் பதில். பிறகு பேரப்பிள்ளைகள் போனார்கள், பிறகு மகள். யோகம்மாவின் முகமும் ஒருநாள் போயிற்று. வந்தவுடன் உன் பெயரையும் அவர் பெயரையும் சொல்லிக் கதை, அது உதவும் என்று கியஸ்டன் சொன்னாள். புருசனின் பெயரை யோகம்மா வாயால் சொன்னதே இல்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து "இஞ்சாருங்கோ"தான். அப்படிக் கூப்பிட்டால் முன்பு திரும்புவார். அன்று திரும்பி, அவளை மேலும் கீழும் பார்த்து, மரியாதையாகச் சொன்னார்.

"இருங்கோ தங்கச்சி."

கனகசபை ஒரு நாளைக்கு ஒருதரம் தங்கச்சி என்கிறார், அவளும் அண்ணை என்கிறாள். அது வேறு. தாலி கட்டியவன் வாயால் தங்கச்சி என்று கேட்பது வேறு. அவளால் இருக்க முடியவில்லை. கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகொரு நாள் துணிந்து, "நான்தானப்பா யோகம்" என்று சொல்லியும் பார்த்தாள். அவர் கோபித்தார். "பொய் சொல்லாதை. யோகம் சின்னப் பெட்டை. கன்னங்கரேலெண்ட தலைமயிர்" என்றார். அவளுடைய நரைத்த தலையைப் பார்த்து, வயது போனவளைத் திட்டிவிட்டோமே என்று உடனே வருந்தியும் கொண்டார். அன்றிலிருந்து அவர் தங்கச்சி என்றால் அவள் "ம்" என்று மட்டும் சொல்வாள். அண்ணை என்ற சொல் அவள் வாயில் வராது. வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

கார்த்திகை மாதத்தில் சயந்தினி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். அவர்கள் தொடர்மாடிக்குப் பக்கத்தில் சின்ன வீடு ஒன்று காலியாகிறதாம். தாய் வந்துவிட வேண்டும். அப்பாவை மாற்ற முடியாது, இடம் மாறினால் இன்னும் மோசமாகும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மாதத்துக்கு ஒருதரம் எல்லோருமாக வந்து பார்க்கலாம். மகள் டெனிஷில் கேட்பாள், தாய் தமிழில் பதில் சொல்வாள். அப்படித்தான் அவர்கள் கதைப்பது.

"அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள், அம்மா?"

"அப்பா இருக்கிறார்."

"அப்பாவுக்கு உங்களைத் தெரியாதே. நீங்கள் போனாலும் வேறு யாரும் போனாலும் அவருக்கு ஒன்றுதான்."

மகள் கெட்டவள் இல்லை. சொன்ன பிறகு அவளும் அழுதாள். ஆனால் அது மெய்யாக இருந்ததால் யோகம்மாவுக்கு வலித்தது. ஓடிப் போய் அந்நியர் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு ஓடி வருகிறேன், இதற்கு என்ன பெயர் என்று தன்னையே கேட்டாள். தமிழில் அவளோடு கதைக்கும் ஒரே குரல் அவளைத் தங்கச்சி என்கிறது. அல்பர்ட்ஸ்லுண்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், தெருவுக்கு நாலு தமிழ் முகம் தெரியும்.

"கிழமை முடியிறதுக்குள்ள சொல்லுறன் பிள்ளை" என்றாள். "அவர் ஒருக்கா என்ரை பேரைச் சொல்லட்டும். சொன்னால் நான் இஞ்சை இருக்கிறன். சொல்லாட்டி வாறன்."

திங்கள் போனாள், செவ்வாய் போனாள். "இருங்கோ தங்கச்சி." புதனும் வியாழனும் அதேதான். வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வானம் இறங்கிக் கிடந்தது. அவள் பாலர் பள்ளியால் வெளிக்கிடும்போது மழையும் பனியும் கலந்து சரிவாக அடித்தது. ஆற்றங்கரையில் ஒரு நாய்கூட இல்லை. கனகசபையின் காரும் இல்லை. இருந்திருந்தால் அன்று ஏறியிருப்பாளோ என்னவோ. பாலத்தடிக்கு வரமுன்னரே தொப்பி ஊறிவிட்டது. சட்டையின் கை பாரமாகித் தொங்கியது. ஆனாலும் நெஞ்சும் முதுகும் சூடாகத்தான் இருந்தன. இதுதான் கடைசி ஓட்டம் என்று நினைத்துக்கொண்டே ஓடினாள். இனி எங்கே போவதற்கு ஓட என்று அவளுக்குத் தெரியவில்லை.

கியஸ்டன் வாசலிலேயே நின்றாள். முகம் களைத்திருந்தது.

"நல்லகாலம் வந்துவிட்டாய். மத்தியானத்திலிருந்து யன்னலை விட்டு நகர்கிறார் இல்லை. இன்றைக்கு அதிசயமாக ஒரு டெனிஷ் சொல் சொல்கிறார். உல், உல் என்கிறார். குளிருகிறது போல என்று கம்பளிப் போர்வை போர்த்தினோம். எறிந்துவிட்டார். கம்பளி மேற்சட்டை போட்டோம், அதையும் கழற்றி எறிந்தார். இன்னும் கோபம்தான் வருகிறது."

யோகம்மா உள்ளே போனாள். போர்வை நிலத்தில் கிடந்தது. குலேந்திரன் யன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ" என்றாள்.

அவர் திரும்பினார். தொப்பியிலிருந்து தண்ணி சொட்டச் சொட்ட நின்றவளைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் வெளியால இருந்தோ வாறியள்?"

"ம்."

"சரியான குளிரோ?"

"ம்."

"வாற வழியில யோகத்தைக் கண்டனீங்களோ?"

யோகம்மா ஓரடி கிட்டப் போனாள்.

"அவள் வாற நேரம்" என்றார். விரல்கள் யன்னல் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தன. "ஒவ்வொரு நாளும் வாறவள். இண்டைக்கு இந்த மழைக்குள்ள வாறாள். சொன்னாலும் கேக்கமாட்டாள், ஓம் எண்டு பொய் சொல்லிப்போட்டு வெறுஞ்சட்டையோட வந்திடுவாள். இவையளுக்குச் சொன்னால் விளங்குதில்லை, எனக்குக் கொண்டுவந்து போத்துகினம். எனக்கில்லை, அவளுக்கு! தங்கச்சி, நீங்கள் கண்டனீங்களோ? அவள் உள் போட்டவளோ?"

பெயரைச் சொல்லிவிட்டார். சொன்ன பெயர் இவளுடையதுதான். சொன்னது மட்டும் இவளுக்கு இல்லை, கன்னங்கரேலென்ற தலைமயிரோடு எங்கோ மழைக்குள் வந்துகொண்டிருக்கிற ஒருத்திக்கு. நான்தான் யோகம் என்ற சொல் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் கண்ணில் இருந்த அந்தத் தவிப்பைப் பார்த்தாள். அவளுக்காகத் தவிக்கிற ஒரு சீவன் இந்த உலகத்தில் இன்னும் இருக்கிறது, அது அவளிடமே அவளை விசாரித்துக்கொண்டு நிற்கிறது.

இத்தனை நாளும் வராத சொல் வந்தது.

"ஓம் அண்ணை" என்றாள். "கண்டனான். உள் போட்டிருக்கிறா."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"கழுத்துக்குள்ள விரலை விட்டுப் பாத்தனான் அண்ணை. போட்டிருக்கிறா. நனைஞ்சாலும் குளிராது."

அவருடைய தோள்கள் இறங்கின. யன்னலை விட்டு வந்து, தானாகவே கதிரையில் இருந்தார். கியஸ்டன் கொண்டுவந்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். யோகம்மா பக்கத்தில் இருந்தாள். அவர் அவளுடைய ஈரச் சட்டைக் கையைப் பிடித்து, இரண்டு விரலுக்கு இடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நீங்களும் போட்டிருக்கிறியள். கெட்டிக்காரி" என்றார். பிறகு வெளியே இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தார். "நீங்கள் போங்கோ தங்கச்சி. உங்கட மனுசனும் வழி பாத்துக்கொண்டிருப்பார்."

"ஓம் அண்ணை" என்று சொல்லி எழும்பினாள். இரண்டாம் தரம் அந்தச் சொல் அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. அதுதான் அவளுக்கு அழுகையாக வந்தது. நிலத்தில் கிடந்த போர்வையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசல் கூரைக்குக் கீழே நின்று சப்பாத்துக் கயிற்றை இறுக்கும்போது தொலைபேசி அடித்தது. சயந்தினி. அந்த வீட்டுக்காரருக்கு இன்றைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றாள். அப்பா பெயரைச் சொன்னாரா என்று கேட்டாள்.

"சொன்னவர்."

மறுபக்கத்தில் மகள் மூச்சை இழுப்பது கேட்டது. "அப்படியென்றால் உங்களை அடையாளம் தெரிந்ததா, அம்மா?"

யோகம்மா மழையைப் பார்த்தாள். தெரிந்தது என்றால் பொய். தெரியவில்லை என்றாலும் பொய்.

"நான் வரேல்லைப் பிள்ளை" என்றாள். "மனுசன் என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறார்."

தொலைபேசியை உள்ளே வைத்துவிட்டு, கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். உள் ஈரமாக, சூடாக இருந்தது. மழைக்குள் இறங்கி ஓடத் தொடங்கினாள்.